முதலும் ஈடும்: சோழர் காலக் கோயிற்கடன்

தஞ்சைப் பெருவுடையார் கோயில் சபைகளுக்கு அளித்த பணத்தை ஜார்ஜ் ஸ்பென்சர் தம் 1968ஆம் ஆண்டுக் கட்டுரையில் ‘கடன்’ என்றே வகைப்படுத்தினார். அச்சொல் முழுதும் பொருந்துவதாகத் தெரியவில்லை. காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு வட்டியைச் சந்திராதித்தவல் செலுத்தச் சபைகள் உடன்பட்டன. முதலைத் திருப்பும் தவணை இல்லை. திரும்பாத முதலுக்கு ஈடு எதற்கு? தலைமுறைகள் மாறினும் நிலைக்கும் சபையே பிணை.

தஞ்சைப் பகுதி ஆலங்குடியில் 1054இல் நிலை வேறு. பஞ்சத்தில் நெல் வாங்கக் கோயிலின் பொன்னையும் வெள்ளியையும் கடன்பெற்ற சபை, 8¾ வேலி நிலத்தை விட்டுக்கொடுத்தது; அதன் விளைவே வட்டி. ரோமானியச் சட்டத்தின் ‘ஆண்டிக்ரெசிஸ்’ இதுவே, தமிழில் ஒற்றி. இரண்டையும் ‘கடன்’ என்றே சுட்டினால், சபையின் சொல்லுக்குப் பதிலாக அதன் நிலம் பிணையான மாற்றம் மறைந்துவிடும். பசித்த ஊரின் வாக்குறுதி கோயிலுக்குப் போதவில்லை போலும்.