மாலோவா நீர்ப்பாலம்: பயனும் அழகும்

கலை கலைக்காகவா, வாழ்க்கைக்காகவா என்னும் வழக்கு தமிழ் இலக்கிய மேடைகளில் நெடுங்காலமாக நடந்து வருவது. இருதரப்பாரும் கவிதையையும் கதையையுமே சான்றுக்கு அழைப்பர். கல்லால் ஆன சான்று ஒன்று துருக்கி நாட்டில், இஸ்தான்புல் மாநகரின் புறத்தே நிற்கிறது. கெமர்புர்காஸ் என்னும் ஊருக்கு அண்மையில், அலிபே ஓடையின் பள்ளத்தாக்கைக் கடக்கும் மாலோவா நீர்ப்பாலமே அது.

உதுமானியப் பேரரசர் சுலைமானின் ஆட்சியில், 1554ஆம் ஆண்டில், தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் தொடங்கிய பெரும்பணி கிர்க்செஷ்மே நீர்த்திட்டம். நாற்பது நீரூற்றுகள் என்பது அப்பெயரின் பொருள். நகருக்கு வடக்கேயுள்ள பெல்கிராடுக் காட்டின் ஓடைநீர், சுமார் 55 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய்களின் வழியே நகரை அடைந்தது. எந்திரம் ஏதும் இல்லை. நிலத்தின் சாய்வு ஒன்றே நீரை நடத்திச் சென்றது. பள்ளத்தாக்குகள் குறுக்கிட்ட இடங்களில் அச்சாய்வு குலையாதிருக்க, நீரை உயரத்தில் ஏந்திச் செல்லும் பாலங்கள் தேவைப்பட்டன. தேவையிலிருந்து பிறந்தவையே அவை. அழகுக்கென்று எவரும் அவற்றை எழுப்பவில்லை.

ஆயின், பயன் மட்டுமே அழகாகிவிடுமா? இதே திட்டத்தைச் சேர்ந்த உசுன்கெமர் 711 மீட்டர் நீளமுடையது. மாலோவாவின் நீளம் 258 மீட்டரே. உயரம் 36 மீட்டர். இரண்டும் செய்த தொழில் ஒன்றுதான். எனினும், சினானின் நீர்ப்பணிகளுள் தலையாயது மாலோவாவே என்பது கட்டடக்கலை அறிஞர் பலரின் முடிபு. பயனே அளவுகோலாயின் இம்முடிபுக்கு இடமில்லை. உசுன்கெமரில் வளைவுகள் ஒன்றையொன்று ஒத்து நீண்ட வரிசையாகச் செல்கின்றன. வியப்புக்குக் காரணம் நீளமே. மாலோவாவிலோ மேலும் கீழுமாக இரண்டு அடுக்குகள். அடுக்குக்கு நான்கு பெருவளைவுகள். அவற்றைத் தாங்கும் தூண்கள் மேலே ஒடுங்கி, அடிநோக்கி வரவரக் கூம்புபோல் அகன்று நிலத்தைப் பற்றுகின்றன. இடைமட்டத்தில் ஒரு நடைவழி தூண்களை ஊடுருவிச் செல்கிறது. கண்ணைக் கவரும் சிற்ப வேலையோ வண்ண ஓடுகளோ இங்கில்லை. சுமையும் சுமப்பதும் எவை என்பதைக் கல்லே வெளிப்படையாகக் கூறுகிறது.

இவ்வடிவின் பொருளை உணர, 1563ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தை நினைவில் கொள்ள வேண்டும். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் பள்ளத்தாக்குகளில் பாய்ந்த வெள்ளம், பல்லாண்டு உழைப்பில் உருவான இத்திட்டத்தைச் சிதைத்தது, மாலோவாவும் வீழ்ந்தது. இன்று நிற்பது 1564இல் மீண்டும் எழுந்த பாலம். பாலத்தின் மேலே செல்வது கால்வாயின் அடங்கிய நீர். கீழே வருவது ஓடையின் அடங்காத நீர். ஒன்றைச் சுமந்துகொண்டே மற்றொன்றை எதிர்த்து நிற்க வேண்டிய நிலைக்குத் தக்க விடையாக அமைந்திருப்பவை அந்த அகன்ற அடித்தூண்கள். வெள்ளத்தைவிடக் கடுமையான திறனாய்வாளர் எந்தக் கலைஞனுக்கும் வாய்த்திருக்க முடியாது. தோல்வியை மறைக்காமல் திருத்தி எழுதிய படைப்பு என்பதே மாலோவாவின் முதற்சிறப்பு.

சினானைப் பாராட்டுவோர் பெரும்பாலும் இஸ்தான்புல்லின் சுலைமானியப் பள்ளிவாசலையும், எதிர்னே நகரின் செலிமியப் பள்ளிவாசலையும் கண்டதோடு அமைந்துவிடுகின்றனர். அவற்றின் பெருமைக்குக் குறைவில்லை. ஆனால், முதுமையில் தம் வாழ்க்கைப் பணிகளைக் கவிஞர் சாயி முஸ்தபா செலெபியிடம் எடுத்துரைத்த சினான், பள்ளிவாசல்களோடு இந்நீர்ப்பணிக்கும் சிறப்பிடம் தந்தார். படைத்தவர் பிரித்துப் பாராததைப் பின்வந்தோர் கலை என்றும் தொழில் என்றும் பிரித்தது பொருந்தாது.

1983இல் நிறைவுற்ற அலிபேகோய் அணைக்கட்டின் நீர்த்தேக்கம் இன்று பாலத்தின் அடியைச் சூழ்ந்துள்ளது. நீரைச் சுமக்க எழுந்த பாலம் நீருக்குள்ளேயே நிற்கிறது. பெருகிய நகரின் தாகம் தீர்க்க எழுந்த அணையை எளிதில் பழித்துவிட முடியாது. சினானின் பணியும் அதே தாகத்திற்காகவே நடந்தது. எனினும் இழப்பு உண்டு. நீர் உயர்ந்திருக்கும் நாளில் வருவோர், வளைவுகளின் நிழல் தேக்கத்தில் ஆடுவதைக் கண்டு மகிழ்ந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புவர். அவர்கள் காணாமல் விடுவது நீருக்கடியில் மறைந்த அகன்ற அடியை. பாலம் ஏன் இவ்வடிவில் நிற்கிறது என்பதற்குரிய காரணமே அங்குதான் உள்ளது. காரணம் மறைந்தபின் எஞ்சுவது வெறும் காட்சி. நீர் வற்றிய காலத்தில் வருவோருக்கே படைப்பு முழுமையாகப் புலப்படும்.

கலை கலைக்காகவா, வாழ்க்கைக்காகவா என்னும் வழக்கில் மாலோவா இருதரப்பையும் திருத்துகிறது. பயனுள்ளது எல்லாம் அழகாகிவிடாது என்பதற்கு உசுன்கெமர் சான்று. பயனின் காரணத்தை மறைத்தால் அழகும் குறைபடும் என்பதற்கு இன்றைய நீர்த்தேக்கம் சான்று. வாழ்க்கையின் தேவையை ஏற்று, அதன் இடையூறுகளுக்கு அஞ்சாமல் விடைகாணும் முயற்சியிலேயே உயர்ந்த வடிவம் பிறக்கிறது. எழுத்துக்கும் இது பொருந்தும். மக்கள் துன்பத்தைப் பாடுவதனாலேயே ஒரு கவிதை சிறந்துவிடாது. அத்துன்பத்தின் சுமையைத் தாங்கும் கட்டுறுதியும் அதற்கு வேண்டும்.