செய்தி மேசையும் நமது முகங்களும்

நமது சஞ்சிகைகளில் ஒரு சிறுகதைத் தொகுதி வெளிவந்தால் மூன்று பேராவது விமர்சனம் எழுதுகிறோம். கவிதையொன்றில் ஒரு சொல் பிழைத்தால் அடுத்த இதழில் வாசகர் கடிதம் வந்துவிடும். ஆனால் வெள்ளவத்தை மாடி வீட்டிலும் எங்கள் ஊர் ஓட்டு வீட்டிலும் ஒவ்வோர் இரவும் ஒரே நேரத்தில் திறக்கப்படுகின்ற பிரதியொன்று உண்டு. அதுதான் தொலைக்காட்சிச் செய்தி. இலக்கியக்காரர் எவரும் அதனை ஒரு பிரதியாக வைத்துப் பார்ப்பதில்லை. செய்தியின் உள்ளடக்கம் பற்றிக் கோபப்படுவோர் நிறையப் பேர். மேசை, பின்திரை, வெளிச்சம், வாசிப்பவரின் குரல், கழுத்துப்பட்டி, முக்காடு என்பன பற்றிப் பேசுவோர் இல்லை. அவை வெறும் அலங்காரம் என்று விட்டுவிடுகிறோம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

1954 இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் அன்றாடச் செய்தியறிக்கை தொடங்கியபோது வாசிப்பவரின் முகத்தை அவர்கள் காட்டவில்லை. குரல் மாத்திரம் கேட்கும், திரையில் படங்கள் ஓடும். முகம் தெரிந்தால் புருவம் உயர்வதிலேயே பக்கச்சார்பு நுழைந்துவிடும் என்று அஞ்சினார்கள். அடுத்த ஆண்டில்தான் முகம் திரைக்கு வந்தது. இன்று இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் செய்தி வாசிப்பைப் பற்றி இதுவரை சொல்லப்பட்டவற்றில் ஆகக் கூர்மையான விமர்சனம் அந்த அச்சம்தான் என்பேன்.

நமது நாட்டில் 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாஹினியும் வந்தன. தமிழில் முதலில் திரைக்கு வந்தோருக்கு முன்மாதிரியாக இருந்தது வானொலிதான். குரலால் வாழ்ந்த ஒரு மரபு அது. தெமட்டகொடையில் வளர்ந்த பி.எச். அப்துல் ஹமீட் அவர்களின் உச்சரிப்பைத் தமிழகமே காது கொடுத்துக் கேட்டது. லகர, ளகர, ழகரங்களை எங்கள் ஆசிரியர் கலாசாலையில் கற்பிக்கையில்கூட வானொலியைத்தான் உதாரணம் காட்டினார்கள். கொழும்பு முஸ்லிம் ஒருவரின் நாவு ஒலிபரப்புத் தமிழுக்கு அளவுகோலானது என்பதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அந்த அளவுகோலுக்குள் நமது வீட்டுத் தமிழ் ஒரு சொல்லேனும் நுழையவில்லை என்பதையும் சேர்த்தே பேசவேண்டும்.

என் சிறுவயதில் எங்கள் ஊருக்கு மின்சாரம் வரவில்லை. கார் பற்றறியில் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டியில் நான் கண்ட செய்தி வாசிப்பாளருக்கு ஒரு மேசை, ஒரு வெற்றுத் திரை, கையில் சில தாள்கள், அவ்வளவுதான். வாசிக்கும்போது கண் தாளுக்குத் தாழும், பிறகு நிமிரும். அந்தத் தாழ்வில் ஒரு நேர்மை இருந்தது. 'இது எனது கருத்தல்ல, எழுதப்பட்டதை வாசிக்கிறேன்' என்று அந்தக் கண் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது கமராவின் வில்லைக்கு முன்னால் சாய்த்து வைத்த கண்ணாடியில் எழுத்து ஓடுகிறது. வாசிப்பவர் நம் கண்ணையே பார்த்துப் பேசுகிறார். எழுதியவர் எவரென்று தெரியாது, பேசுபவர் மாத்திரம் மிகுந்த உறுதியோடு பேசுகிறார்.

கலையகமும் மாறிவிட்டது. பல அலைவரிசைகளில் நாம் காணும் மண்டபம் மண்டபமே அல்ல. பச்சைத் துணியொன்றின் முன்னால் ஆளை நிறுத்திப் பச்சை உள்ள இடமெல்லாம் கணினிச் சித்திரத்தை ஒட்டுகிறார்கள். (அங்கே பச்சை உடுத்திப் போனால் உடம்பு மறைந்து தலை மாத்திரம் மிதக்கும். நம்மவர் விருப்பத்துக்குரிய நிறம் ஆயிற்றே!) உலக உருண்டை சுழல்கிறது, சிவப்புக் கோடுகள் பாய்கின்றன. 2001 செப்டெம்பர் 11 அன்று அமெரிக்க அலைவரிசைகள் அவசரத்துக்கென ஓடவிட்ட அடிவரி, அவசரம் தீர்ந்த பின்னும் நிற்கவில்லை. இன்று வட்டவளையில் மழை பெய்தாலும் அது ஓடுகிறது. 'நாடாளுமன்றம்', 'காவல்துறை', 'மருத்துவமனை' என்று சென்னை அலைவரிசைகளின் சொற்கள் நமது பாராளுமன்றத்தையும் பொலிஸையும் வைத்தியசாலையையும் மெல்லத் தள்ளுகின்றன. சொல் போனால் போகட்டும் என்பார் உளர். ஆனால் ஏறாவூர் வைத்தியசாலையில் மருந்தில்லை என்ற செய்தி சென்னைக் குரலில் வரும்போது, அது வேறெங்கோ நடப்பது போலத்தான் எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கேட்கிறது.

கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக் கடையொன்றின் சுவரில் தொலைக்காட்சி எப்போதும் ஓடும். சத்தம் மூடியிருக்கும். தேநீர் ஆறும்வரை அதனைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கம். சத்தமின்றிப் பார்த்தால்தான் காட்சியமைப்பு என்ன பேசுகிறது என்பது விளங்கும். எது சிவப்பில் வருகிறது, எது நீலத்தில் வருகிறது, யாருடைய படம் வாசிப்பாளரின் தோளுக்கு மேல் தொங்குகிறது என்பதெல்லாம் தனி வசனங்கள்.

2019 ஏப்ரல் 21 இன் குண்டுவெடிப்புகளில் 250 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் இருப்பது அந்தக் கடைக்கு நடந்து போகும் தூரத்தில்தான். அந்தத் துயரத்தில் எவருக்கும் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அடுத்து வந்த வாரங்களில் ஒரு தனியார் அலைவரிசையில் நான் கண்ட பின்திரையை மறக்க இயலவில்லை. தேடுதல் பற்றிய எந்தச் செய்தியாக இருந்தாலும் வாசிப்பாளரின் தோளுக்கு மேல் கறுப்பு முகத்திரை அணிந்த உருவமொன்று நின்றது. சமையலறைக் கத்தி அகப்பட்ட செய்திக்கும் அதே படம். எழுதப்பட்ட செய்தியில் பொய் இல்லை என்று வாதிடலாம். படம் எழுதிய செய்தி வேறு.

குருநாகல் வைத்தியர் ஷாபி அவர்களின் விடயத்தில் இது இன்னும் தெளிவு. 2019 மே மாதம் நாளிதழொன்று கிளப்பிய கருத்தடைக் கதையைத் தொலைக்காட்சிகள் இரவுக்கு இரவு பெரிதாக்கின. மே 24 அன்று அவர் கைதானார். ஜூனில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் இல்லையென நீதிமன்றுக்குச் சொன்னது. குற்றச்சாட்டுக்கு முழுத் திரையும் இசையும் கிடைத்தன. ஆதாரமின்மைக்குப் பின்திரையே இல்லை. நான் பார்த்த மட்டில் அது அடிவரியில் ஓடி மறைந்தது. இங்கே வடிவம்தான் தீர்ப்பு வழங்கியது.

இதற்கு விடை நம்மவர் முகங்கள் மேசைக்கு வருவதுதான் என்று நண்பர் சிலர் கூறுவர். ஓரளவு உண்மை. ஆயின் முகம் வந்தால் போதுமா? எகிப்தின் அரச தொலைக்காட்சியில் 2012 செப்டெம்பரில்தான் முதன்முதலாக முக்காடிட்ட பெண்ணொருவர், பாத்திமா நபீல், செய்தி வாசித்தார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் அதுவரை மேசைக்கு முக்காடு ஆகாது என்றிருந்தது. பத்தாண்டு கழித்து 2022 மே மாதம் ஆப்கானிஸ்தானில் பெண் வாசிப்பாளர் முகத்தையே மூடவேண்டுமென்று கட்டளை பிறந்தது. அவர்களோடு பணியாற்றிய ஆண்களும் முகக்கவசம் அணிந்து திரையில் தோன்றினர். ஒரு நாட்டில் கழற்று என்றார்கள், மற்றதில் மூடு என்றார்கள். இரண்டிலும் அந்தப் பெண்ணின் வாசிப்பை எவரும் கேட்கவில்லை.

நம்மிடையே கதையும் இதுதான். முக்காடோடு ஒரு பிள்ளை செய்தி வாசித்தால் முக்காட்டின் அளவைப் பற்றி இரு தரப்பும் பேசுகிறார்கள். அவர் 'ஒலுவில்' என்பதை எவ்வாறு உச்சரித்தார், 'ஸ'வும் 'ஷ'வும் குழம்பாமல் பெயர்களைச் சொன்னாரா, இடையில் தடுமாறிய நேரடி இணைப்பை எவ்வாறு சமாளித்தார் என்று பேசுவார் இல்லை. கலைஞர் ஒருவருக்கு நாம் செய்யக்கூடிய ஆகக் குறைந்த மரியாதை அவரது கலையைக் கவனிப்பது.

எங்கள் பாடசாலையில் காலைக் கூட்டத்தில் மாணவர் செய்தி வாசிப்பதுண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளையொருத்தி சென்ற தவணையில், ஊர் மதகு உடைந்ததைக் கையை வீசி, குரலை உயர்த்தி, 'அதிர்ச்சி' என்று தொடங்கி வாசித்தாள். தாளை மேசையில் வைத்து வாசிக்கச் சொன்னேன். மறுநாள் அவ்வாறே வாசித்தாள், மதகு எந்த இடத்தில் உடைந்தது என்பது அன்றுதான் எல்லோருக்கும் விளங்கியது. பின்வரிசைப் பையன்கள், 'நேற்றுத்தான் நல்லா இருந்திச்சு சேர்' என்றார்கள்.