புள்ளியிலிருந்து தொடங்குங்கள்: லண்டன் சுரங்க ரயிலின் எழுத்தை எப்படி ரசிப்பது?

லண்டன் சுரங்க ரயிலில் போனவர்களுக்குச் சிவப்பு வளையமும் அதன் குறுக்கே ஓடும் நீலப் பட்டையும் மறக்காது. பட்டைக்குள் இருக்கும் எழுத்தை நின்று பார்த்தவர்கள் குறைவு. அதன் பெயர் ஜான்ஸ்டன். 1916-இல் புழக்கத்துக்கு வந்தது.

முதலில் புள்ளியைத் தேடுங்கள். பிளாட்பாரத்துப் பெயர்ப்பலகை பெரிய எழுத்தில் இருப்பதால் அங்கே கிடைக்காது. வழிகாட்டிப் பலகைக்கோ ரயில் வரைபடத்துக்கோ போக வேண்டும். சின்ன 'ஐ', 'ஜே' இரண்டின் தலையிலும் இருப்பது வட்டம் அல்ல, சீட்டுக்கட்டு டைமன் போல முனையில் நிற்கும் சதுரம். அழகுக்காக வைத்தது என்றுதான் தோன்றும். ஆனால் இதை வரைந்த எட்வர்ட் ஜான்ஸ்டன் எழுத்தணிக் கலைஞர். பட்டை நிப் பேனாவைச் சாய்த்துப் பிடித்துத் தாளில் ஒருமுறை அழுத்தினால் விழுவது இந்த வடிவம்தான். முனைகளில் கொக்கியில்லாமல், கோடுகள் ஒரே தடிமனில் ஓடும் எழுத்தில் பேனா பிடித்த கை அந்த ஓர் இடத்தில் தெரிகிறது. எனக்கு மிகப் பிடித்த இடமும் அதுவே.

அடுத்து பெரிய 'ஓ'. தமிழர்கள் நிறைய வாழும் டூட்டிங் பகுதியில், டூட்டிங் பிராட்வே நிலையப் பலகையைப் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு 'ஓ', இரண்டும் ஏறக்குறைய முழு வட்டம். அடுத்த சொல்லில் 'பி', 'ஆர்' இரண்டும் ஒடுங்கி நிற்கும். இந்த அகலக் கணக்கு பழைய ரோமானியக் கல்வெட்டுகளிலிருந்து வந்தது. ரயில் வரைபடத்தில் இல்ஃபோர்ட் என்ற பெயரைப் பார்த்தால் இன்னொன்று கிடைக்கும்: பெரிய 'ஐ'யை ஒட்டிச் சின்ன 'எல்'. இரண்டும் வெறும் குச்சியாகிக் குழப்பக் கூடாது என்று 'எல்'லின் அடியை வலப்பக்கம் வளைத்திருக்கிறார் ஜான்ஸ்டன்.

இதை வரையச் சொன்னவர் ஃபிராங்க் பிக், ரயில் நிறுவன அதிகாரி. நிலையச் சுவரெல்லாம் விளம்பரம். அதற்கு நடுவே நிலையத்தின் பெயர் காணாமல் போயிற்று. விளம்பரம் என்று யாரும் தவறாக நினைக்க முடியாத எழுத்து அவருக்கு வேண்டியிருந்தது. கிடைத்ததும் வெளியாருக்குக் கொடுக்காமல் தங்களுக்கென்றே வைத்துக்கொண்டார்கள். ஒரு நிறுவனம் தன் அடையாளத்துக்குச் செய்த மிகச் சரியான காரியம் அது என்பேன். ஜான்ஸ்டனின் மாணவர் எரிக் கில் 1920-களின் கடைசியில் கொண்டுவந்த கில் சான்ஸ் என்ற எழுத்து இதன் நெருங்கிய உறவு. அச்சகங்கள் விலைக்கு வாங்கின, பரவியது. அதன் புள்ளி வட்டம். இரண்டில் எது என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

1979-இல் ஜப்பானியரான எயிச்சி கோனோ ஜான்ஸ்டன் எழுத்தைத் திருத்தி வரைந்தார். பொடி அச்சிலும் படிக்க வசதியாகச் சின்ன எழுத்துகளின் உயரத்தைக் கூட்டினார். 2016-இல் மோனோடைப் நிறுவனம் மீண்டும் திருத்தி, இடையில் குறைந்துபோன அகலத்தைத் திருப்பிக் கொடுத்தது. கோவன்ட் கார்டனில் உள்ள லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் பழைய சுவரொட்டி ஒன்றின் முன் நின்று, பெரிய எழுத்தோடு ஒப்பிட்டால் சின்ன எழுத்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். கோனோவுக்கு முந்தியதா பிந்தியதா என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.