உப்புக்காற்றுக்கு ஏற்ற கட்டர்

திருச்சி உறையூர்ச் சுருட்டுக்கும் திண்டுக்கல் சுருட்டுக்கும் உலகப் பெயர் உண்டு. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே, சாம்பலைப் பார்த்து அது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார் துப்பறிவாளர். ஆனால் அந்தச் சுருட்டைப் பிடிக்க, முனை வெட்டும் கட்டர் வேண்டியதில்லை. பெரும்பாலும் இரு முனையும் நறுக்கியேதான் கடைக்கு வரும். காசிமேட்டுப் பெட்டிக்கடையில் ஒற்றையாக வாங்குபவருக்கும் சரி, முனீஸ்வரனுக்குப் படையல் வைப்பவருக்கும் சரி, தீக்குச்சி இருந்தால் போதும்.

கியூபா, டொமினிக்கன் நாட்டுச் சுருட்டுகள் அப்படியல்ல. அவற்றின் தலைப்பக்கம் மூடியிருக்கும். ஒரு துண்டு இலையை மரப்பிசின் தடவித் தொப்பிபோல் ஒட்டியிருப்பார்கள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், தொப்பி முடியும் இடத்தில் மயிரிழைபோல் ஒரு கோடு தெரியும். வெட்டு அந்தக் கோட்டுக்கு மேலேயே நிற்க வேண்டும். உச்சியிலிருந்து 2 மில்லிமீட்டர் போதும். கோட்டைத் தாண்டினால் மேலிலையைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. பாதி பிடிப்பதற்குள் பிரிந்து தொங்கும். பல்லால் கடித்துத் துப்புகிறவர்களுக்கு நேர்வதும் இதுதான்.

கட்டரில் மூன்று வகை முக்கியம். ஒற்றைக் கத்தி, பாக்குவெட்டி மாதிரி ஒரு பக்கத்திலிருந்து அழுத்தி இலையை எதிர்ப்பக்கம் தள்ளும். இரட்டைக் கத்தி இரு பக்கமும் சமமாக வந்து நடுவில் சந்திப்பதால் தலை நசுங்காது. துளைப்பான் சின்ன வட்டம் போடும். தூள் வாயில் வராது. ஆனால் டார்பிடோ எனப்படும் கூர்முனைச் சுருட்டுக்கு அது உதவாது. தடித்த சுருட்டில் அந்தச் சிறு துளையிலேயே தார் சேர்ந்து கசக்கும். என் ஓட்டு இரட்டைக் கத்திக்கே. வாங்கும்போது வாயளவையும் பாருங்கள். சுருட்டின் தடிமனை அங்குலத்தில் 64இல் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள்; 50 என்றால் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். அதற்கு இடம் கொடுக்காத கட்டர் ஓரத்தைக் கவ்விக் கிழிக்கும்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் குடியிருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஜன்னல் கம்பியையே அரிக்கும் காற்று, கத்தியை விட்டுவைக்குமா? கார்பன் எஃகு கூர் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கடலோரத்தில் துரு முந்திக்கொள்ளும். 16 முதல் 18 சதவீதம் குரோமியம் உள்ள 440 வகை ஸ்டெயின்லெஸ் எஃகு இங்கே அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். இலைக்கும் இந்தக் காற்று ஆகாது. 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் இருக்க வேண்டிய சுருட்டு, இங்கே திறந்து வைத்தால் ஊறி மெத்தென்று ஆகிவிடும். மெத்தென்ற தலையை மழுங்கிய கத்தி வெட்டாது, பிதுக்கும். அதையே ஏசி அறையில் விட்டுவைத்தால் காய்ந்து, வெட்டும்போது வெடிக்கும். அப்போது தொப்பியை உதட்டால் லேசாக நனைத்து, சற்றுப் பொறுத்து வெட்டினால் விரிசல் விழாது.

வெட்டும் முறை எளிது. கத்திகள் இலையை மெல்லத் தொடும்வரை கொண்டுவந்து, கோட்டைச் சரிபார்த்து, தயங்காமல் ஒரே அழுத்து. மெதுவாக அழுத்தினால் நசுங்கும். கை நடுங்குகிறவர்கள் கட்டரை மேசையில் படுக்கவைத்து, சுருட்டை அதற்குள் செங்குத்தாக நிறுத்தி வெட்டலாம். மேசை தடுப்பதால் ஆழம் மீறாது. பற்றவைக்குமுன் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காற்று தடையில்லாமல் வந்தால் வெட்டு சரி. இறுக்கமாக இருந்தால் இன்னும் மெல்லிசாக ஒரு சீவல் எடுக்கலாம். கூடுதலாக வெட்டியதை ஒட்ட முடியாது.

தங்க முலாம், மான்கொம்புப் பிடி எல்லாம் கண்ணாடி அலமாரிக்கு அழகு. அந்தக் காசை எஃகுக்குக் கொடுங்கள். வெட்டியதும் உலர்ந்த துணியால் துடைத்து, உறையில் போட்டுவிடுங்கள். உறையூர்ச் சுருட்டு கிடைத்த அன்று மட்டும் கட்டருக்கு விடுமுறை.