ஃபுட் கிரேடு என்றால் சாப்பிடலாம் என்று அர்த்தமா?

டயாட்டமேசியஸ் எர்த் என்று ஒரு வெள்ளைப் பொடி ஆன்லைன் கடைகளில் கிலோ கணக்கில் விற்கிறது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்து தண்ணீரில் கலந்து குடித்தால் குடற்புழு சாகுமாம், கொலஸ்ட்ரால் இறங்குமாம், உடம்பில் சேர்ந்த ஈயமும் பாதரசமும் வெளியேறுமாம், முடி அடர்த்தியாக வளருமாம். என் துறையில் ஒரே டூல் எல்லா வேலையையும் செய்யும் என்று யாராவது சொன்னால், டாக்குமெண்டேஷனைக் காட்டுங்க என்போம். இந்தப் பொடிக்கான டாக்குமெண்டேஷனைத் தேடிப் படித்ததன் குறிப்புகள்தான் இவை.

டயாட்டம் என்பது நீரில் வாழும் ஒற்றைச்செல் பாசி. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. பாசி செத்த பிறகு ஓடுகள் கடலடியிலும் ஏரியடியிலும் லட்சக்கணக்கான ஆண்டுகள் படிந்து மண் அடுக்காகின்றன. நுண்துளைகள் நிறைந்தது என்பதால் நன்றாக உறிஞ்சும். 1867இல் ஆல்ஃபிரட் நோபல் காப்புரிமை வாங்கிய டைனமைட், நைட்ரோகிளிசரினை இந்த மண்ணில் ஊறவைத்துச் செய்ததுதான். இன்றைக்கு பீர், சர்க்கரைப் பாகு, நீச்சல் குளத்துத் தண்ணீர் வடிகட்ட இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பூச்சிமருந்தாகவும் விற்கிறார்கள்.

விற்பவர்களின் பிரம்மாஸ்திரம் ‘ஃபுட் கிரேடு’ என்கிற இரண்டு வார்த்தை. இது பொய் இல்லை. நீச்சல் குள ரகத்தை 1000 டிகிரி செல்சியஸ் அளவில் சுடுகிறார்கள். அப்போது சிலிக்காவின் கணிசமான பகுதி கிறிஸ்டோபலைட் என்னும் படிக வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அது நுரையீரலுக்கு ஆபத்தானது. ஃபுட் கிரேடு என்பது சுடாதது, படிக சிலிக்கா மிகக் குறைவாக உள்ளது, கன உலோகங்கள் ஒரு வரம்புக்குள் இருப்பது. சரி. ஆனால் அந்த வரம்பு எந்த உபயோகத்துக்காகப் போடப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. பீரை வடிகட்டிய பிறகு மண் ஃபில்டரிலேயே தங்கிவிடும். குடிப்பவர் வயிற்றுக்குப் போவதில்லை. அமெரிக்காவில் கால்நடைத் தீவனத்தில் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கலாம், அதுவும் மொத்தத் தீவன எடையில் 2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. தினமும் ஒரு மனிதர் ஸ்பூன் ஸ்பூனாகச் சாப்பிடுவார் என்பது அந்தக் கணக்கிலேயே கிடையாது. ஒரு சர்வர் நூறு பேருக்கு டெஸ்ட் செய்யப்பட்டது என்கிற சான்றிதழைக் காட்டி லட்சம் பேரை ஏற்றுவது மாதிரி.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். அந்த அமெரிக்கத் தீவன விதி அனுமதிக்கும் ஈயத்தின் உச்சவரம்பு 15 பிபிஎம், அதாவது ஒரு கிராம் மண்ணில் 15 மைக்ரோகிராம். ஒரு டேபிள்ஸ்பூன் பொடி சுமார் 5 கிராம் வரும். வரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிற, ஆனால் சட்டப்படி சரியான ஒரு சரக்கில் தினமும் 75 மைக்ரோகிராம் ஈயம். மனித உணவு வடிகட்டும் ரகத்துக்கான வரம்பு 10 பிபிஎம். அதை வைத்தாலும் 50 மைக்ரோகிராம். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு அமெரிக்க எஃப்டிஏ 2022இல் வைத்த தினசரி எச்சரிக்கை அளவு 8.8 மைக்ரோகிராம், குழந்தைகளுக்கு 2.2. உண்மையான பாக்கெட்டில் ஈயம் இதைவிடக் குறைவாக இருக்கலாம், இருப்பதில் பாதிக்கு மேல் கரையாமலே வெளியே போகலாம். ஆனாலும் ‘ஃபுட் கிரேடு’ என்ற முத்திரை அந்த உத்தரவாதத்தைத் தரவில்லை என்பதுதான் விஷயம். ஈயத்தை வெளியேற்றுவதாகச் சொல்லி விற்கிற பொடியில் இந்தக் கணக்கு வருவதைக் கவனிங்க.

அடுத்து கொலஸ்ட்ரால். என்னோடு வேலை செய்யும் ஒருவர் டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறலாமா என்று கேட்டார். அவர் அனுப்பிய லிங்குகள் எல்லாமே 1998இல் ஒரு ஐரோப்பிய மருத்துவ இதழில் வந்த ஒரே ஆய்வில் போய் நிற்கின்றன. 19 பேர். தினமும் மூன்று வேளை, வேளைக்கு 250 மில்லிகிராம், 8 வாரம். ஆறாவது வாரத்தில் சராசரி கொலஸ்ட்ரால் 286லிருந்து 248க்கு வந்தது, 13.2 சதவீதம் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் மாத்திரை சாப்பிட்ட இன்னொரு குழு கிடையாது. கொலஸ்ட்ரால் அதிகம் என்று தேர்ந்தெடுத்த ஆட்களை மறுபடி அளந்தால், எதுவும் கொடுக்காவிட்டாலும் சராசரி கொஞ்சம் இறங்கும். ஆய்வில் இருக்கிறோம் என்று தெரிந்ததுமே வடையைக் குறைப்பவர்களும் உண்டு. இதைவிட சுவாரசியமானது, பொடியை நிறுத்தி நான்கு வாரம் கழித்தும் கொலஸ்ட்ரால் தாழ்ந்தே இருந்தது, நல்ல கொலஸ்ட்ரால் அப்போதுதான் கணிசமாக ஏறியது. குடலில் கொழுப்பை உறிஞ்சுவதால்தான் குறைகிறது என்றால் நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டாமா? எனக்கென்னவோ பொடியைவிட வேறு ஏதோ மாறியிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. ஆய்வாளர்களே கடைசியில் ஒப்பீட்டுக் குழுவோடு செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை எந்த விளம்பரமும் எடுத்துப் போடுவதில்லை.

அளவையும் பாருங்க. ஆய்வில் நாளுக்கு 750 மில்லிகிராம். யூடியூபில் சொல்வது அதைப்போல ஆறேழு மடங்கு. ஆய்வை ஆதாரமாகக் காட்டிவிட்டு ஆய்வில் இல்லாத அளவைச் சாப்பிடச் சொல்றாங்க.

குடற்புழு கதை இன்னும் வேடிக்கை. டயாட்டம் ஓடுகளின் கூரான விளிம்பு புழுவைக் கிழித்துவிடும், ஆனால் நம் குடலுக்கு மெத்தென்று இருக்கும் என்கிறார்கள். ஓட்டுக்கு எது புழு, எது குடல் என்று எப்படித் தெரியும்? பூச்சிகளை இந்த மண் கொல்வது உண்மைதான். பூச்சியின் மேல்தோலில் ஈரம் போகாமல் காக்கும் மெழுகுப் படலத்தை இது உறிஞ்சுகிறது, பூச்சி காய்ந்து சாகிறது. அதனால்தான் நனைந்தால் பூச்சிகளிடமே வேலை செய்யாது. குடலோ எப்போதும் ஈரம். பயறில் சாம்பலோ செம்மண்ணோ கலந்து வைத்தால் வண்டு விழாது என்று நம்ம பாட்டிகளுக்கும் தெரியும். ஆனால் அவர்கள் கழுவிவிட்டுத்தான் உலையில் போட்டார்கள்.

ஆதாரமாகக் காட்டப்படுவது 2011இல் பவுல்ட்ரி சயின்ஸ் இதழில் வந்த கோழி ஆய்வு. தீவனத்தில் 2 சதவீதம் கலந்து கொடுத்ததில், புழுத் தாக்குதலுக்கு எளிதில் ஆளாகும் ஓர் இனத்தில் புழு குறைந்தது. கோழிக்கு நல்ல செய்தி. மனிதக் குழந்தைக்கு ஏற்கனவே அல்பெண்டசோல் மாத்திரை இருக்கிறது. குடற்புழு நீக்க நாளில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவசமாகவே தருகிறார்கள். அதை ‘கெமிக்கல்’ என்று மறுத்துவிட்டுப் பிள்ளைக்கு இந்த மண்ணைக் கரைத்துக் கொடுக்கும் வீடியோக்களைப் பார்த்தால் கோபம் வருகிறது.

முடி, நகத்துக்கு சிலிக்கான் என்கிற கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். உடம்பு ஏற்பது கரைந்த சிலிசிக் அமிலத்தை. இந்த மண் தண்ணீரில் மிகக் கொஞ்சமே கரையும். தானியம், பீன்ஸ், வாழைப்பழத்திலேயே சிலிக்கான் கிடைக்கிறது.

இனி பக்கவிளைவு. மலச்சிக்கல், வயிற்று உப்புசம், வாய் உலர்தல் பற்றி சாப்பிட்டவர்கள் எழுதுகிறார்கள். தண்ணீரை உறிஞ்சும் பொடிக்கு இது எதிர்பார்க்கக்கூடியதே. தலைவலி, சோர்வு என்று யாராவது எழுதினால் உடனே பதில் வருகிறது: “அது டீடாக்ஸ் அறிகுறி, புழு சாகுது, அளவைக் கூட்டுங்க.” இதற்கு ஹெர்க்ஸ்ஹைமர் என்று பெயர் வேறு வைக்கிறார்கள். அது சிபிலிஸ் போன்ற நோய்க்கு மருந்து கொடுக்கும்போது கிருமிகள் மொத்தமாகச் சாவதால் வரும் நிஜமான காய்ச்சல். அந்தப் பெயரை இரவல் வாங்கியதும், நல்லா இருந்தாலும் பொடி வேலை செய்யுது, உடம்புக்கு முடியாவிட்டாலும் பொடி வேலை செய்யுது என்றாகிவிடுகிறது. பக்கை ஃபீச்சர் என்று க்ளோஸ் செய்வது எங்க ஊர் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

வயிற்றைவிட எனக்குக் கவலை மூக்குதான். சுவாசிக்கப்படும் படிக சிலிக்காவை சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997இல் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்ற பிரிவில் வைத்தது. கலிஃபோர்னியாவின் லோம்போக் பகுதியில் டயாட்டம் மண் ஆலைத் தொழிலாளர்களிடம் நுரையீரல் நோய்ச் சாவு அதிகம் என்று ஆய்வுகள் காட்டின. ஃபுட் கிரேடில் உள்ள படிகமற்ற சிலிக்கா அதே முகமையின் மூன்றாவது பிரிவு, வகைப்படுத்தப் போதிய ஆதாரமில்லாதது. ஒரு தடவை பாக்கெட் பிரித்ததற்கு சிலிக்கோசிஸ் வந்துவிடாது, பயமுறுத்தவில்லை. ஆனால் ஃபேன் ஓடும் சமையலறையில் மைதாவைவிட லேசான பொடியைத் தினமும், வருஷக்கணக்கில் கலக்குவதை விவரம் தெரிந்த எந்த ஆலையும் முகக்கவசம் இல்லாமல் அனுமதிக்காது. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் சாப்பிடாத அவருக்கும் இதில் பங்கு உண்டு.

ஏற்கனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் பதற வேண்டாம். குடலில் இது பெரும்பாலும் போன வழியே போய்விடும். பாக்கெட்டில் நீச்சல் குளம், ஃபில்டர், கால்சைன்டு என்று எங்காவது போட்டிருந்தால் இன்றே நிறுத்துங்க. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் எந்த ரகமும் வேண்டாம். தைராய்டு, சர்க்கரை, வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள் இந்தப் பொடியும் சாப்பிடுவதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்க, “வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா” என்று அவர் கேட்டால் மண் நம் ஞாபகத்துக்கு வராது. கொலஸ்ட்ரால் நண்பர் மாத்திரையைத் தொடர்கிறார். பொடியை எறும்புக்குப் போட்டுவிட்டாராம், நன்றாக வேலை செய்கிறது என்றார்.