எழுத்து மாறிற்று, பேச்சு என்னாயிற்று?

மொழியில் மாற்றம் நேரும்போதெல்லாம் நம்மவரிடையே இரு குரல்கள் எழுகின்றன. ‘தமிழ் கெட்டது’ என்பது ஒன்று. ‘காலத்திற்கேற்ப எல்லாம் போகட்டும்’ என்பது மற்றொன்று. எது மாறுகிறது, அதனால் யாருக்கு என்ன இழப்பு என ஆராயாமலே இரண்டும் தீர்ப்புக் கூறுகின்றன.

எழுத்துச் சீர்திருத்தத்தையே எடுத்துக்கொள்வோம். பெரியார் 1935 இல் ‘குடிஅரசு’ இதழில் கையாளத் தொடங்கிய வடிவங்களுள் 13 எழுத்துகளைத் தமிழ்நாட்டரசு 1978 இல் ஆணையிட்டு ஏற்றது. ஐ, ஔ இரண்டையும் விட்டுவைத்தது. நம் மலேசியப் பள்ளி நூல்களும் பின்னர் அவ்வடிவங்களையே மேற்கொண்டன. ‘தொல்காப்பியர் கண்ட எழுத்தில் கைவைக்கலாமா?’ என்றனர் சிலர். எகர ஒகரக் குறில்களுக்குத் தொல்காப்பியம் விதித்த புள்ளி இன்று வழக்கில் இல்லை. குறில் நெடிலை வேறுபடுத்தும் இன்றைய முறையை 18 ஆம் நூற்றாண்டில் வகுத்தவர் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் என்பர். இந்நாட்டு மலாய்மொழியும் 1972 இல் தன் எழுத்துக்கூட்டலை மாற்றிக்கொண்டது. அதனால் அது தளர்ந்துவிடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், கோலா தெர்லாவில் மாணவி ஒருத்தி தன் பாட்டியின் பழைய கடிதத்தைக் கொண்டுவந்தாள். லை, னை ஆகியன துதிக்கை போன்ற சுழியுடன் எழுதப்பட்டிருந்தன. கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஐந்து நிமிடங்களில் கற்றுக்கொண்டு தடையின்றி வாசித்தாள். வாசித்து முடித்ததும், “ஐயா, பெரட்டு என்றால் என்ன?” என்றாள்.

விடியற்காலையில் தொழிலாளர் வரிசையில் நிற்க, கிராணி பெயர் கூப்பிடுவதே பெரட்டு. ஆங்கிலப் ‘பரேட்’ தோட்டத் தமிழர் நாவில் அவ்வாறு ஆயிற்று. “வீட்டில் அம்மாவைக் கேட்கவில்லையா?” என்றேன். “அம்மா எங்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார், ஐயா” என்றாள்.

அத்தாயும் என்னிடம் பயின்றவரே. பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த புதிதில், பெரட்டு, கிராணி முதலிய சொற்களைக் கட்டுரைகளில் கண்டால் கொச்சையென்று சிவப்பு மையால் அடித்தவன் நான். புதுச்சொல் வந்து சேர்வது குற்றமன்று என்னும் நன்னூல் விதியை அதே வகுப்பில்தான் நடத்தினேன். நம் கடையையும் கப்பலையும் மலாய்மொழி கூச்சமின்றி ஏற்றுக்கொண்டதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. தன் வீட்டுப் பேச்சே பிழையென்று கற்ற பிள்ளை, தான் தாயானபின் அப்பேச்சைத் தன் மக்களுக்குக் கொடுக்கத் தயங்குவதில் வியப்புண்டோ?

கலப்பு எல்லாம் நன்று எனக் கூறவில்லை. தேர்விலும் மேடையிலும் செந்தமிழ் வேண்டும். அதனைக் கற்பிப்பது ஆசிரியர் கடன். ஆயின் வீட்டுத் தமிழை இகழ்ந்துதான் செந்தமிழைக் கற்பிக்கவேண்டும் என்பது இல்லை. எழுத்தின் வடிவம் மாறியது பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே ஐந்து நிமிடத் தடையாகவே இருந்தது. இடையிலிருந்த தாயின் பேச்சு அறுந்ததே பெருந்தடை. முன்னதற்கு மாநாடு கூட்டி வாதிட்ட நாம், பின்னதைப் பற்றி வாய்திறப்பதில்லை.

இப்போது அத்தகைய சொற்களை நான் அடிப்பதில்லை. அருகில் செந்தமிழ்ச் சொல்லை எழுதி, “வீட்டில் கேட்டு இன்னும் இரண்டு சொல் கொண்டுவா” என்று அனுப்புகிறேன்.