ஆவிகளின் மருத்துவமனையும் ஒரு பெருக்கல் கணக்கும்

அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரை ஒட்டி ஒரு குன்று இருக்கிறது. அதன்மீது ஐந்து மாடிச் செங்கற் கட்டிடம் ஒன்று நிற்கிறது. வேவர்லி ஹில்ஸ் காசநோய் மருத்துவமனை என்று அதற்குப் பெயர். உலகிலேயே ஆவிகள் மிகுதியாக நடமாடும் இடங்களில் ஒன்று என்று தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பல இதைக் காட்டிவிட்டன. அவற்றைப் பார்த்துவிட்டு மாணவர்கள் என்னிடம், "சார், இதற்கு இயற்பியலில் விளக்கம் உண்டா?" என்று கேட்கிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் விளக்கம் தேடுவதற்கு முன், விளக்க வேண்டிய செய்தி உண்மைதானா என்று பார்க்க வேண்டும் அல்லவா? நிகழ்ச்சிகள் தவறுவது அங்கேதான்.

இம்மருத்துவமனையில் 63,000 பேர் இறந்தார்கள் என்பது அடிக்கடி சொல்லப்படும் கூற்று. வாசகர்களே, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள். மருத்துவமனை 1910-இல் தொடங்கி 1961-இல் மூடப்பட்டது. ஆக 51 ஆண்டுகள். 63,000-ஐ 51-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,235 சாவுகள். நாளொன்றுக்கு மூன்றுக்கு மேல். தொடக்கத்தில் அங்கே இருந்தது ஒரு சிறிய மரக்கட்டிடம். பெரிய கட்டிடம் திறக்கப்பட்டது 1926-இல்தான். அதிலும் நானூற்றுச் சொச்சம் படுக்கைகளே. கூற்று உண்மையானால் ஒவ்வொரு படுக்கையும் ஆண்டுக்கு மூன்று முறை சாவினால் காலியாகியிருக்க வேண்டும். காசநோயாளிகளோ மாதக் கணக்கில், சிலர் ஆண்டுக் கணக்கில் படுத்திருந்தவர்கள்.

அம்மருத்துவமனையின் துணை மருத்துவ இயக்குநராக இருந்தவர் தந்த கணக்கின்படி, ஓராண்டில் நேர்ந்த மிக அதிகமான சாவு 152. எல்லா ஆண்டுகளிலும் அத்தனை பேர் இறந்ததாகவே வைத்துக் கொள்வோம். 152-ஐ 51-ஆல் பெருக்கினால் 7,752. உண்மை எண் இதைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும். அப்படியானால் சொல்லப்படும் எண் எட்டு மடங்குக்கு மேல் ஊதப்பட்டது. (ஏழாயிரம் என்றாலும் அது பெருந்துயரம்தான். அது போதாதென்று ஏன் நினைத்தார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.) 502-ஆம் அறையில் 1928-இல் ஒரு செவிலி தூக்கிட்டுக்கொண்ட கதையும் இதே ரகம். ஆண்டு சொல்கிறார்கள், அறை எண் சொல்கிறார்கள். நான் பார்த்த நிகழ்ச்சிகளில் அதற்கான ஆவணத்தை மட்டும் யாரும் காட்டவில்லை.

இனி "திடீரென வீசும் குளிர்காற்று" பற்றிப் பார்ப்போம். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் கட்டப்பட்ட இடம் அது. தூய காற்றும் வெயிலும் ஓய்வும்தான் அன்றைய சிகிச்சை. அதனால்தான் குன்றின் மேல் இடம் தேர்ந்தார்கள். கட்டிடத்தை வௌவால் சிறகுபோல் வளைத்தார்கள். மாடிதோறும் நீண்ட திறந்த தாழ்வாரங்களை வைத்தார்கள். கடுங்குளிர் காலத்திலும் நோயாளிகளைக் கட்டிலோடு அங்கே தள்ளிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள். காற்று உள்ளே புகுந்து வெளியேற வேண்டும் என்பதற்காகவே எழுப்பிய கட்டிடம்! பிறகு பல ஆண்டுகள் சன்னல்கள் வேறு உடைந்து கிடந்தன. அங்கே இரவில் போய் நின்றுகொண்டு, "ஏதோ சில்லென்று கடந்து போயிற்று" என்று வியப்பவர்கள், கட்டியவர்களின் திறமையைத்தான் தம்மையறியாமல் பாராட்டுகிறார்கள்.

குளிர்ந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் கையில் பிடித்திருக்கும் கருவி இன்னும் வேடிக்கை. துப்பாக்கி வடிவிலுள்ள அந்த வெப்பமானி, எதிரே உள்ள பரப்பு வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களை அளக்கிறது. இடையிலுள்ள காற்றின் வெப்பநிலையை அது அளப்பதில்லை. நடைபாதையின் நடுவே ஆவியைத் தேடி அதை நீட்டினால், கடைசியில் உள்ள சுவரின் வெப்பநிலைதான் கிடைக்கும். சுவரிலிருந்து சன்னல் பக்கம் திருப்பினால் எண் சட்டென்று இறங்கும். உடனே ஒரு கூச்சல்! புகைப்படங்களில் மிதக்கும் ஒளி உருண்டைகளும் இப்படித்தான். பழைய கட்டிடத்தின் தூசு, லென்சுக்கு மிக அருகில் பளிச்சொளியில் சிக்கி, குவியம் தவறிப் பெரிதாகத் தெரிகிறது.

நம் பக்கத்தாரையும் சற்று விமரிசிக்க வேண்டும். ஆவி என்றதும் "குற்றொலி" என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. குற்றொலி என்பது 20 ஹெர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட, செவிக்கு எட்டாத ஒலி. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஓர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பொறியாளர் விக் டான்டி, தம் அனுபவத்தை 1998-இல் கட்டுரையாக வெளியிட்டார். அங்கே காரணமற்ற அச்சமும், கண்ணோரம் சாம்பல் நிற உருவமும் தோன்றின. பிடிப்பானில் மாட்டியிருந்த வாள் ஒன்று தானே அதிர்வதைக் கண்ட அவர், புதிதாகப் பொருத்திய காற்று வெளியேற்றும் விசிறி சுமார் 19 ஹெர்ட்சில் ஒரு நிலை அலையை உண்டாக்குகிறது என்று கணித்தார். விசிறியின் பொருத்தத்தை மாற்றியதும் அந்த அலை மறைந்தது. கணக்கும் பொருந்துகிறது: ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்றால் அலைநீளம் 18 மீட்டர், அதில் பாதி, 9 மீட்டர், அந்த அறையின் நீளம்.

அழகான துப்பறிதல்தான். ஆனால் அது ஓர் அறையின் கதை. வேவர்லியில் ஓடும் விசிறி எது? திறந்த தாழ்வாரத்தில் நிலை அலை எங்கே நிற்கும்? காற்று வீசும்போது தாழ்ந்த ஒலி எழலாம். எழுகிறதா என்று அளந்த பிறகே சொல்ல வேண்டும். இலண்டனில் உளவியலாளர்கள் ஒரு சோதனை அறை அமைத்து, 79 பேரை அதில் தனித்தனியே உலவவிட்டு, குற்றொலியையும் மின்காந்தப் புலத்தையும் சில வேளை செலுத்தி, சில வேளை நிறுத்திப் பார்த்தனர். முடிவு 2009-இல் வெளிவந்தது. பலருக்கு விசித்திர உணர்வுகள் ஏற்பட்டன. ஆனால் கருவிகள் இயங்கினவா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பு காணப்படவில்லை. "இங்கே ஏதேனும் தோன்றக்கூடும்" என்று முன்கூட்டியே சொன்னதுதான் பெரிதும் வேலை செய்தது என்று ஆய்வாளர்கள் கருதினர். இரவில் கட்டணம் செலுத்தி, கதை கேட்டபடியே நுழைகிற பார்வையாளருக்கு இதைவிட வலிய தூண்டுதல் வேண்டுமா?

நான் பார்த்த நிகழ்ச்சிகளில் விடுபட்டுப்போன செய்தி ஒன்று உண்டு. 1961-இல் அந்தக் காசநோய் மருத்துவமனையை மூடியது சாவு அல்ல, மருந்து. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது, 1952-இல் ஐசோநியாசிட் பயனுக்கு வந்தது, படுக்கைகள் காலியாயின. இதில் நம் சென்னைக்கும் பங்குண்டு. 1956-இல் இங்கே அமைந்த காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரை மருத்துவமனையிலும், மறு பகுதியினரை அவர்களுடைய நெருக்கமான ஏழை வீடுகளிலேயும் வைத்து, ஓராண்டு மருந்து கொடுத்து ஒப்பிட்டது. வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தனர்; அவர்கள் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு, குன்றுகளின் மேல் பெரிய காசநோய் மருத்துவமனைகளைக் கட்டிக்கொண்டிருக்க எந்த நாட்டிலும் காரணம் இருக்கவில்லை.